கம்ப்யூட்டரோடு ஆடுவது வேஸ்ட் என்று சொன்ன தம்பிக்கு

பதிவு கொஞ்சம் நீளம். அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பேரன் டிவி முன்னால் உட்கார்ந்து ஸ்ட்ரீட் பைட்டர் ஆடுகிற படத்தைப் போட்டு, "லீவுக்கு வந்தவன் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்குக் கீழே, 1996இல் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த தம்பி ஒருவர் இப்படி எழுதினார்: "டீச்சர், கம்ப்யூட்டரோட ஆடறது வேஸ்ட். தப்பான பழக்கம்தான் வரும். நேரா ஆன்லைன்ல இறக்கி விடுங்க. நூறு தடவை அடி வாங்கினா தானா வந்துடும்." பெயர் போடவில்லை. அவருக்குத் தெரியும்.

அந்தக் கருத்துக்கு நாற்பதுக்கு மேல் லைக். லைக் போட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் என்னிடம் படித்தவர்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சண்டை கேமைப் பற்றி மட்டும் சொன்னதாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அடி வாங்கினால் தானாக வரும் என்ற இதே பேச்சை 36 வருடம் ஆசிரியர் அறையில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போனவள் நான். தண்ணீரில் தள்ளிவிட்டால் நீச்சல் வந்துவிடும் என்பார்கள். நம் ஊர்க் கிணறுகளில் யாரும் அப்படித் தள்ளிவிட்டுப் பழக்கியதில்லை. முதுகில் சுரைக்குடுக்கை கட்டி, இடுப்பில் கயிறு போட்டு, கயிற்றின் மறுமுனையை மாமாவோ பெரியப்பாவோ பிடித்துக்கொண்டு நின்றுதான் பழக்கினார்கள். குடுக்கையோடு காலை உதைத்துப் பழகிய பிறகுதான் குடுக்கையைக் கழற்றுவார்கள். பெரியவர்கள் ஆன பிறகு குடுக்கை மறந்து போய்விடுகிறது. குதித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். பேரனுக்கு 11 வயது. அவன் மாமா வாங்கிக் கொடுத்த பெட்டியில் ஸ்ட்ரீட் பைட்டர் 6 இருந்தது. 2023இல் வந்த ஆட்டம். வந்த அன்றைக்கே ஆன்லைனில் இறங்கினான். தம்பி சொன்ன அதே வழி. எதிரில் யார், எந்த ஊர், எத்தனை வருடம் ஆடியவர் என்று ஒன்றும் தெரியாது. தொடர்ந்து 14 ஆட்டம் தோற்றான். பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டே எண்ணினேன். பதினாலாவது முடிந்ததும் கன்ட்ரோலரை சோபாவில் எறிந்துவிட்டு, "எனக்கு இது வராது பாட்டி" என்றான்.

வராது. இந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு என்ன ஆகும் என்று என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

"எதனால தோத்தே, சொல்லு" என்றேன். "தெரியல பாட்டி, அடிச்சுட்டே இருக்கான்" என்றான். பதினாலு தோல்வியில் ஒன்றுக்குக்கூடக் காரணம் சொல்லத் தெரியவில்லை. நூறு தடவை அடி வாங்கினால் வந்துவிடும் என்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லுங்கள். எதனால் அடி விழுந்தது என்று தெரியாதவன் நூறாவது அடியில் என்ன கற்றுக்கொள்வான்?

அடுத்த நாள் ஆன்லைனை மூடச் சொன்னேன். எனக்கு இந்த ஆட்டம் தெரியாது. அவனையே சொல்லித்தரச் சொல்லித் தெரிந்துகொண்டேன். (மதுரை அக்கா உட்பட, வயசான காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு: சீரியல் பார்ப்பதைவிட இதில் சண்டை சீக்கிரம் முடிகிறது.)

தெரியாத உறவினர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். இருவர் எதிரெதிரே நிற்பார்கள். அடிக்கலாம், தடுக்கலாம், பிடித்துத் தூக்கிப் போடலாம். தடுத்தால் அடி செல்லாது. தடுத்துக்கொண்டே நிற்பவனைத் தூக்கிப் போட்டுவிடலாம். தூக்க நெருங்கி வருகிறவனை முந்திக்கொண்டு அடித்துவிடலாம். கல், காகிதம், கத்தரி மாதிரிதான். இதற்கு மேல், காலில் விழும் அடியைக் குனிந்துதான் தடுக்க முடியும். மேலிருந்து இறங்கும் அடியை நின்றுதான் தடுக்க முடியும். குதித்து வருகிறவனைக் கீழேயிருந்து அடித்து விழுத்த ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு அடி உண்டு. ரியூ என்ற பாத்திரத்துக்கு, குனிந்தபடி பலமாக ஒரு குத்து. கையிலிருந்து நெருப்புப் பந்து மாதிரி ஒன்றை விட வேண்டுமானால் கட்டையைக் கீழே, கீழ்முன் மூலைக்கு, முன்னால் என்று உருட்டிக் குத்துப் பட்டனை அழுத்த வேண்டும். எதிராளி இந்தப் பக்கம் தாண்டி வந்துவிட்டால் அத்தனையும் இடம் வலமாக மாறிவிடும். என் பேரன் இடப்பக்கம் நின்றால் பத்துக்கு எட்டு விடுவான். வலப்பக்கம் நின்றால் பத்துக்கு இரண்டு. இது அவனுக்கே தெரியாது. பதினாலு ஆட்டத்தில் அடித்த யாரும் அவனிடம் இதைச் சொல்லவில்லை. அவர்கள் எதற்குச் சொல்லப் போகிறார்கள், அவர்களுக்குப் புள்ளி வந்தது, போய்விட்டார்கள்.

இதற்கெல்லாம் ஒரு வேகக் கணக்கு உண்டு. நொடிக்கு 60 படம் ஓடுகிறது. ஒரு படத்தை பிரேம் என்கிறார்கள். டிரைவ் இம்பாக்ட் என்று ஒரு பெரிய அடி இருக்கிறது. புதிதாக ஆடுகிறவர்கள் பாதிப் பேர் அதிலேயே விழுவார்கள், இவனும் விழுந்தான். அது கிளம்பி நம்மேல் விழ 26 பிரேம். அதாவது அரை நொடிக்குக் கொஞ்சம் குறைவு. அதற்குள் பார்த்து, அதே அடியைத் திருப்பி அடித்தால் பிந்தி அடித்தவனுக்கே வெற்றி. கண் பார்த்துக் கை அசையவே சுமாராகக் கால் நொடி போய்விடும். மிச்சம் இருப்பது கண் சிமிட்டும் நேரம். இதை ஒரு பிள்ளை எங்கே பழகுவான்? இன்னும் பத்து விஷயம் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருக்கிற ஆன்லைன் சண்டையிலா? அங்கே அந்த அடி எப்போது வரும் என்றே தெரியாது. ஒரு ஆட்டத்தில் இரண்டு தடவை வரலாம், வராமலும் போகலாம். ட்ரெய்னிங் மோடில் எதிரில் நிற்கும் பொம்மையிடம் அந்த அடியைப் பதிவு செய்து வைத்துவிட்டால் பத்து நிமிஷத்தில் அறுபது தடவை அடிக்கும். சலிக்காது. கோபப்படாது. "எத்தனை தடவை சொல்றது" என்று கத்தாது. அந்த ஒரு குணம் எனக்கு இருந்திருந்தால் நல்லாசிரியர் விருதே வாங்கியிருப்பேன்.

ஒரு லாங் சைஸ் நோட்டு போட்டோம். முதல் இரண்டு நாள் பொம்மையோடு மட்டும். இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து. பொம்மையைக் குதிக்க வைத்துக் கீழேயிருந்து குத்துவது இருபது. மூன்றாம் நாளிலிருந்து கம்ப்யூட்டர் எதிராளி. இந்த ஆட்டத்தில் அதற்கு 1 முதல் 8 வரை லெவல் உண்டு. ஒரு நாளைக்கு ஒரே ஒரு சட்டம். இன்றைக்குக் குதிக்கக் கூடாது. இன்றைக்கு அவன் குதித்தால் விழுத்தியே ஆக வேண்டும். இன்றைக்கு அவன் பிடிக்க வந்தால் இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தி விடுவித்துக்கொள்ள வேண்டும். ஜெயித்தாயா தோற்றாயா என்று கேட்க மாட்டேன். சட்டத்தை எத்தனை தடவை காப்பாற்றினாய் என்று மட்டும் கோடு போடுவேன். 2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் அட்டைகளும் ஏணிப்படியும் வந்தபோது அவரவர் படியில் அவரவர் ஏறட்டும் என்று பிள்ளைகளை விட்டோமே, அதேதான். அப்போதும் "அட்டையை வைத்து விளையாடுகிறார்கள், படிப்பு எங்கே" என்று கேட்டவர்கள் இருந்தார்கள்.

இனி தம்பியின் பேச்சில் உள்ள நியாயத்துக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் தப்பான பழக்கம் தரும் என்றாரே, அது உண்மை. மறுக்கவில்லை. மூன்றாம் லெவலில் இவன் பத்துக்கு ஒன்பது ஜெயித்தான். குதித்தாடினான். நோட்டைப் பார்த்தேன். ஒன்பதும் ஒரே மாதிரி: குதித்து உதை, இறங்கிக் காலை வாரு. மறுபடி குதித்து உதை. கீழ் லெவலில் அந்த யந்திரம் இதை ஒவ்வொரு தடவையும் வாங்கிக்கொள்கிறது. மனிதன் இரண்டு தடவை வாங்குவான், மூன்றாவது தடவை கீழேயிருந்து குத்துவான். கோனார் உரையை வரிக்கு வரி ஒப்பித்து நூற்றுக்கு எண்பது வாங்கும் பிள்ளையிடம் கேள்வியைத் திருப்பிக் கேட்டால் முழிப்பானே, அந்த முழி. அன்றைக்குத்தான் "குதிக்கக் கூடாது" என்ற சட்டம் போட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

உயர்ந்த லெவலில் இதற்கு நேர்மாறான கோளாறு. மனிதனால் முடியாத வேகத்தில் பதில் வரும். பழைய ஆட்டங்களில் இது ஏமாற்றுவதற்கே வந்த மாதிரி இருக்கும். 1991இல் வந்த ஸ்ட்ரீட் பைட்டர் 2இல் கைல் என்று ஒரு பட்டாளத்துக்காரன். அவனுடைய சோனிக் பூமை நாம் விட வேண்டுமானால் கட்டையைக் கொஞ்ச நேரம் பின்னால் இழுத்துப் பிடித்திருந்து பிறகு முன்னால் தள்ள வேண்டும். கம்ப்யூட்டரின் கைல் அந்த நேரம் எதுவும் எடுத்துக்கொள்ளாமல், முன்னால் நடந்து வந்துகொண்டே விடுவான். நமக்கு ஒரு சட்டம், அவனுக்கு ஒரு சட்டம். அப்படிப்பட்ட எதிராளியோடு வருடக்கணக்கில் ஆடி அதுதான் சண்டை என்று நினைத்தால் கெட்டுத்தான் போவான். அதில் தம்பி சொன்னது சரி.

ஆனால் தம்பி, கோனார் உரையை ஒப்பிக்கிறான் என்பதற்காக ஒரு பிள்ளையைப் புத்தகமே திறக்காமல் பரீட்சைக்கு அனுப்புவோமா? பொம்மையிடம் கற்க வேண்டியது ஒன்று, மனிதனிடம் கற்க வேண்டியது வேறொன்று. கை பழக வேண்டியதைப் பொம்மையிடம் பழகலாம். மனிதன் என்ன நினைக்கிறான் என்று ஊகிப்பதை மனிதனிடம்தான் கற்க முடியும். முதலாவது வராதவனுக்கு இரண்டாவதில் கவனம் வைக்க மனதில் இடமே இருக்காது. தன் விரலைத் தேடுகிறவன் எதிராளியின் மனதை எப்படிப் படிப்பான்? சிலம்பம் கற்றவர்களைக் கேளுங்கள். காலடி வரிசையும் கம்பு வீச்சும் கையில் ஏறும் வரை எந்த ஆசானும் எதிரில் ஆள் நிறுத்த மாட்டார். காற்றைத்தான் அடிக்கச் சொல்வார்.

இன்னொரு தம்பி, லாகூரைச் சேர்ந்த அர்சலான் ஆஷை இழுத்திருந்தார். 2019இல் எவோ ஜப்பானிலும் அதே வருடம் லாஸ் வேகாஸில் நடந்த எவோவிலும் டெக்கன் 7இல் ஜெயித்தவர். அவர் ஆட்களோடு ஆடித்தானே வந்தார் என்று கேள்வி. சரி, எப்படிப்பட்ட ஆட்களோடு? ஒரே ஊரில், தோளோடு தோள் உட்கார்ந்து ஆடியவர்கள். தோற்ற பிறகும் எழுந்து போகாமல் பின்னால் நின்று பார்க்கலாம். "டேய், ஏண்டா அங்க குதிச்ச" என்று கேட்கிற ஒருவன் பக்கத்தில் இருப்பான். அது பள்ளிக்கூடம். ஆன்லைனில் பேர் தெரியாதவன் அடித்துவிட்டு அடுத்த ஆளைத் தேடிப் போவது பள்ளிக்கூடம் இல்லை. இரண்டையும் "ஆட்களோடு ஆடுவது" என்று ஒரே பெயரில் அழைத்துவிட்டால் ஒன்றாகிவிடாது.

பலரும் எனக்கு அனுப்பிய 2004 எவோ வீடியோவையும் பார்த்தேன். ஸ்ட்ரீட் பைட்டர் 3 தேர்டு ஸ்ட்ரைக். டைகோ உமேஹாரா உயிர் ஒரு கோடு மீதியாக நிற்கிறார். சாதாரணமாகத் தடுத்தாலே செத்துவிடுவார் என்ற நிலையில், ஜஸ்டின் வாங் விட்ட அத்தனை உதைகளையும் ஒவ்வொன்றாகச் சரியான கணத்தில் கட்டையைத் தட்டித் தட்டித் தள்ளிவிட்டுத் திருப்பி அடிக்கிறார். கூட்டம் கூரையைப் பிய்க்கிறது. "பாருங்க டீச்சர், இதுதான் களம்" என்று எழுதி அனுப்புகிறீர்கள். அந்தத் தட்டுகளின் தாளம் மேடையில்தான் முதன்முதலாகக் கையில் வந்தது என்று நிஜமாகவே நம்புகிறீர்களா?

சரி, இனி உங்கள் கதைக்கே வருகிறேன் தம்பி. 1996. பஸ் ஸ்டாண்டு பின்னால், சைக்கிள் கடைக்கு மாடியில் வீடியோ கேம் கடை. அறிவியல் பிரிவேளையில் காணாமல் போனவர்களைத் தேடி அந்தப் படியேறியவள் நான். ஒரு மூலையில் முஸ்தபா ஓடிக்கொண்டிருக்கும். இன்னொரு மூலையில் ஸ்ட்ரீட் பைட்டர். நீங்கள் சட்டையை வெளியே இழுத்து விட்டுக்கொண்டு நிற்பீர்கள். யாரோடு ஆடிக்கொண்டிருந்தீர்கள்? காசைப் போட்டால் முதலில் யார் வருவார்? கம்ப்யூட்டர்தானே. பக்கத்தில் ஒருத்தன் வந்து காசு போட்டுச் சேலஞ்ச் செய்கிற வரைக்கும் கம்ப்யூட்டரோடுதானே மணிக்கணக்காக ஆடினீர்கள்? அந்தக் கைலிடம் ஏமாந்து ஏமாந்துதானே கை பழகினீர்கள்? பின்னால் நின்ற ஐ.டி.ஐ. அண்ணன்கள் "உக்காந்து அடிடா" என்று கத்திச் சொல்லிக் கொடுத்ததை என் காதால் கேட்டேன். உங்களுக்குக் குடுக்கையும் இருந்தது, கயிற்றைப் பிடிக்க ஆளும் இருந்தது. இன்றைக்கு ஒரு பதினோரு வயதுப் பிள்ளைக்கு மட்டும் இரண்டும் கூடாது, நூறு அடி வாங்கட்டும் என்கிறீர்கள்.

இவ்வளவு சூடாக எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இதுவரை எழுதியதில்லை.

1988. எனக்கு 29 வயது. ஐந்தாம் வகுப்பில் வெள்ளிக்கிழமைதோறும் வாய்ப்பாட்டுப் போட்டி வைப்பேன். இருவரை எழுப்பி நிறுத்திக் கேள்வி. முந்திச் சொன்னவன் நிற்பான், மற்றவன் உட்கார வேண்டும். ஒரு பையன் எட்டாம் வாய்ப்பாட்டில் தடுமாறுவான். தோற்றால் ரோஷம் வரும், ரோஷம் வந்தால் படிப்பான் என்று நம்பி, வகுப்பிலேயே வேகமான பையனோடு மூன்று வெள்ளிக்கிழமை தொடர்ந்து அவனை நிறுத்தினேன். மூன்று வாரமும் வகுப்பு சிரித்தது. நானும் கொஞ்சம் சிரித்தேன் என்றுதான் ஞாபகம். நாலாவது வாரம் எழுந்தான், வாயே திறக்கவில்லை. அதற்குப் பிறகு வருகைப் பதிவின்போது "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லும் குரலும் இறங்கிவிட்டது. ஐந்தாவதோடு நின்றுவிட்டான். பல வருடம் கழித்து ஒரு லாரி ஷெட்டில் பார்த்தேன். டீசல், பேட்டா, சுங்கம், லோடு என்று பேப்பர் இல்லாமல் வாயாலேயே கூட்டிக் கழித்துச் சொல்லிக்கொண்டிருந்தான். கணக்கு அவனுக்கு வராமல் இல்லை. நான் அவனை யாரும் பார்க்காத இடத்தில் பத்து நாள் எட்டாம் வாய்ப்பாட்டைச் சொல்ல விட்டிருக்க வேண்டும். சுவரைப் பார்த்தாவது சொல்லியிருப்பான். சுவர் சிரிக்காது. என்னை அடையாளம் கண்டு "நல்லா இருக்கீங்களா டீச்சர்" என்று கேட்டு டீ வாங்கிக் கொடுத்தான். அந்த டீயை எப்படிக் குடித்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

பேரன் "வராது" என்று சொன்ன அன்று அந்தப் பையனின் முகம்தான் வந்தது. கேமுக்கும் படிப்புக்கும் முடிச்சுப் போடாதீர்கள் என்று யாராவது எழுதினால் எழுதிக்கொள்ளுங்கள்.

எப்போது பொம்மையை விட்டு வெளியே வருவது என்று கேட்கலாம். நாங்கள் வைத்த கணக்கு இதுதான்: போட்ட சட்டத்தைப் பத்துக்கு எட்டு காப்பாற்றினால் அந்தச் சட்டத்துக்குக் கம்ப்யூட்டர் போதும், அதோடு அங்கே இருக்கக் கூடாது. அதற்கு மேலும் அங்கேயே ஜெயித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது சோம்பேறித்தனம். எட்டாம் லெவலை ஜெயிக்க வேண்டும் என்று பேரன் அடம்பிடித்தான், விடவில்லை. 2024 ஜனவரியில் வந்த டெக்கன் 8இல் ஒரு நல்ல யோசனை செய்திருக்கிறார்கள். நாம் ஆடுவதைப் பார்த்துப் பழகி நம்மைப் போலவே ஆடும் ஒரு நிழல், கோஸ்ட் என்று பெயர். நம் நிழலோடு நாமே மோதலாம். நம் கெட்ட பழக்கம் எதிரே நின்று நம்மையே அடிக்கும். இது கையில் இருந்திருந்தால் பேரனோடு அந்த இரண்டு நாள் மௌன விரதம் தேவைப்பட்டிருக்காது.

நேற்று, பதினெட்டாம் நாள், மறுபடி ஆன்லைனைத் திறந்தோம். 10 ஆட்டம். 3 ஜெயித்தான், 7 தோற்றான். உடனே "அப்பவும் தோத்தான்ல" என்று எழுத வேண்டாம். ஏழு தோல்விக்கும் அவனே காரணம் சொன்னான். "பாட்டி, நான் தடுத்துட்டே இருந்தேன், அவன் தூக்கித் தூக்கிப் போட்டுட்டான்." "பாட்டி, அவன் குதிக்கவே இல்ல, நான் அவன் குதிப்பான்னு காத்துட்டே இருந்தேன்." இரண்டாவது காரணத்தை எந்தக் கம்ப்யூட்டரும் அவனுக்குச் சொல்லித் தந்திருக்காது, தம்பிக்கு அதில் ஒரு மதிப்பெண் தருகிறேன். எட்டாவது ஆட்டம் முடிந்ததும் கன்ட்ரோலரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "பாட்டி, நோட்டுல எழுதிக்கோ, நாளைக்கு த்ரோ பழகணும்" என்றான்.

பேரன் ஊருக்குக் கிளம்புவது 29ஆம் தேதி. தம்பி, உங்கள் ஊரிலிருந்து எங்கள் வீட்டுக்கு 40 நிமிட பஸ்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாருங்கள். பையனையும் கூட்டி வாருங்கள். ஒரு ரூபாய் காசு போட வேண்டாம், வடையும் உண்டு. ரியூ என் பேரனுக்கு. உங்களுக்குப் பழைய கைல், அவன் இந்த ஆட்டத்திலும் இருக்கிறான். ஆனால் கட்டையைப் பின்னால் இழுத்துப் பிடிக்காமல் சோனிக் பூம் வராது, இப்போதே சொல்லிவிட்டேன்.